மூச்சுப் பணியிலிருந்து தாதியப் பணிக்கு

(உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி, கொஸ்லந்த)

உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது எல்லா வீடுகளிலும் ஒரே கேள்விதான் ஒலிக்கும்: "அடுத்து என்ன?" பிள்ளை உயிரியல் படிக்கிறாள் என்றால் பதிலையும் ஊரே சொல்லிவிடும்: "டொக்டர்." அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. ஒரு வைத்தியசாலைக்குள் எத்தனை வகைத் தொழில்கள் இருக்கின்றன, ஒன்றைப் படித்தவர் இன்னொன்றுக்கு மாற முடியுமா, மாறினால் முதலில் படித்தது வீணாகுமா என்பவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை. அப்படி இரண்டு தொழில்களைப் பற்றியும், அவற்றுக்கு இடையில் உள்ள பாதையைப் பற்றியும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். ஒன்று சுவாச சிகிச்சை. மற்றது தாதியம்.

இதைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் உறவில் ஒரு ராத்தா இந்தியாவில் சுவாச சிகிச்சை படித்து, இப்போது வளைகுடா நாடொன்றின் வைத்தியசாலையில் வேலை செய்கிறார். சென்ற பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, தாதியாக மாற விரும்புவதாகச் சொன்னார். வீட்டில் அது பெரிய பேச்சாகிவிட்டது. "நாலு வருஷம் இவ்வளவு சல்லி செலவழிச்சுப் படிச்சுப்போட்டு, இப்ப நேர்ஸா?" என்று மாமி கேட்டார். மாமியின் கேள்வி நியாயமானது. ராத்தாவின் விருப்பமும் நியாயமானது. இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்ள முதலில் இந்தத் தொழில்கள் என்னவென்று பார்ப்போம்.

சுவாச சிகிச்சையாளர் யார்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன். ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். இதை நாம் நினைத்துச் செய்வதில்லை. தூங்கும்போதும் அது நடக்கிறது. நோயோ விபத்தோ இந்த வேலையைத் தடுக்கும்போது, வெளியிலிருந்து ஒருவர் அதைச் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை மட்டுமே முழுநேரத் தொழிலாகக் கற்றவர் சுவாச சிகிச்சையாளர்.

ஒட்சிசனை எந்த அளவில், எந்த வகை முகமூடி மூலம் கொடுப்பது, நெபுலைசர் மூலம் மருந்தை ஆவியாக்கி உள்ளே செலுத்துவது, தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது, வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியை நோயாளிக்கு ஏற்ப அமைப்பது, பிறகு மெல்ல மெல்ல அதிலிருந்து அவரை விடுவிப்பது, நாடியிலிருந்து எடுத்த குருதியில் வாயுக்களின் அளவைப் பார்த்து நிலைமையைக் கணிப்பது ஆகியவை அவருடைய அன்றாட வேலைகள்.

இத்தொழில் வளர்ந்த கதையில் இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ நோய்க்குப் பெரிய இடம் உண்டு. அந்நோய் சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். 1928 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் "இரும்பு நுரையீரல்" என்ற பெரிய பெட்டி போன்ற கருவி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் அதற்குள் இருக்கும். பெட்டிக்குள் காற்றழுத்தத்தை மாற்றுவதன் மூலம் நெஞ்சு விரிந்து சுருங்கும்.

1952 இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் போலியோ கடுமையாகப் பரவியபோது, பிளெக்டாம் வைத்தியசாலையில் இத்தகைய கருவிகள் ஒருசிலவே இருந்தன. அப்போது பியோன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் வேறொரு வழியைக் காட்டினார். மூச்சுக்குழாயில் துளையிட்டு ஒரு குழாயைப் பொருத்தி, இறப்பர்ப் பை ஒன்றைக் கையால் அழுத்தி நேரடியாக நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தினார். 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது முதலில் செய்யப்பட்டது. அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக அந்தப் பைகளை அழுத்தினார்கள். 80 சதவீதத்துக்கு மேலிருந்த இறப்பு வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் இதுவே என்று சொல்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாணவர்கள் காற்றைச் செலுத்தினார்கள். ஆனால் அசைய முடியாமல் கிடந்த அந்த நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, கழுவித் துடைப்பது, உணவூட்டுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது போன்ற வேலைகளும் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டியிருந்தது. அது தாதியரின் பணி. மூச்சு ஒரு பகுதி. அந்த மூச்சுக்கு உரிய மனிதர் முழுமை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் 1947 இல் சிக்காகோ நகரில் சுவாச சிகிச்சைப் பணியாளர்களின் சங்கம் உருவானது. இன்று அமெரிக்கா, கனடா, சவூதி அரேபியா, பிலிப்பைன்ஸ், தாய்வான் முதலிய நாடுகளில் இது தனித் தொழில். இந்தியாவிலும் மணிப்பால் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதைப் பட்டப்படிப்பாகக் கற்கலாம். நமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இப்படி ஒரு தனிப் பதவி இல்லை. இங்கே அந்த வேலையை வைத்தியர்களும் தாதியரும் உடலியக்க மருத்துவர்களும், அதாவது பிசியோதெரபிஸ்ட்களும், தமக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரின் அபாய ஒலி எழுந்தால் முதலில் ஓடிவருபவர் பெரும்பாலும் ஒரு தாதிதான்.

தாதியத்தின் முதற்பாடமும் காற்றுதான்

நவீன தாதியத்தின் தாய் எனப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல், 1854 இல் கிரிமியப் போரில் காயமடைந்தவர்களைப் பராமரிக்கத் துருக்கியின் ஸ்குட்டாரிக்குச் சென்றார். 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக் கல்லூரியைத் தொடக்கினார். இதற்கு இடையில், 1859 இல், தாதியம் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே காற்றோட்டமும் கதகதப்பும் பற்றியது. நோயாளியைக் குளிரில் நடுங்க விடாமல் அவருக்குத் தூய காற்றைக் கொடுப்பதுதான் தாதியின் முதற் கடமை என்று அவர் கருதினார்.

நமது சமூகத்தில் சிலர் தாதியத்தை நமக்குச் சம்பந்தமில்லாத தொழில் போலப் பார்ப்பதுண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே ருபைதா (ரலி) என்ற பெண்மணி மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயமடைந்தவர்களைப் பராமரித்தார். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரலி) அவர்களும் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் பங்குகொண்டு, சமைத்துக் கொடுத்து, காயங்களுக்கு மருந்திட்டு, நோயாளிகளைக் கவனித்ததாக ஹதீஸில் வருகிறது. ஆகவே நோயாளிப் பராமரிப்பு நமக்கு அந்நியமானதல்ல.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இதை ராத்தாவிடமே கேட்டேன். அவர் சொன்ன பதில் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக எனக்குக் கிடைக்கவில்லை. "நான் மெஷினப் பாத்து, சரிபண்ணி, எழுதிப்போட்டு அடுத்த வாட்டுக்குப் போயிருவேன். திரும்பி வாறப்ப அந்தக் கட்டில்ல வேற ஆள் இருப்பாங்க. முந்தி இருந்தவர் வீட்டுக்குப் போனாரா, மௌத்தாகிட்டாரா எண்டு கேட்டாத்தான் தெரியும். நேர்ஸ் அங்கயே இருப்பாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

சுவாச சிகிச்சையாளர் வைத்தியசாலை முழுவதும் நடப்பவர். ஒரு வேலைநேரத்தில் பல வார்ட்டுகளில் பல நோயாளிகளைப் பார்ப்பார். ஒவ்வொருவரிடமும் சிறிது நேரமே நிற்பார். அவருடைய அறிவு ஓர் உறுப்பில் மிக ஆழமாகச் செல்கிறது. தாதி தனக்கு ஒப்படைக்கப்பட்டவர்களோடு வேலைநேரம் முழுவதும் இருப்பவர். நோயாளி சாப்பிட்டாரா, சிறுநீர் போனதா, காயம் எப்படி இருக்கிறது, ஏன் அழுகிறார், வெளியே நிற்கும் மகனுக்கு என்ன சொல்வது என்று எல்லாமே அவர் பொறுப்பு. ஒருவரின் அறிவில் ஆழம் அதிகம். மற்றவரின் அறிவில் அகலம் அதிகம். மாமி நினைப்பதுபோல் இது மேலிருந்து கீழே இறங்குவது ஆகாது. ஒரு வீட்டின் அடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் வீடு முழுவதையும் பொறுப்பேற்பது போன்றது.

கையோடு கொண்டுபோகக் கூடியவை

சுவாச சிகிச்சையாளர் தாதியானால் முன்பு கற்றதில் எதை எடுத்துச் செல்ல முடியும்? நிறையவே முடியும்.

முதலாவது, மூச்சை எண்ணும் பழக்கம். காய்ச்சலைப் பார்ப்போம், நாடித்துடிப்பைப் பார்ப்போம். மூச்சை முழு நிமிடம் எண்ணுபவர் குறைவு. நிலைமை மோசமாகும் நோயாளியிடம் பல வேளைகளில் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான். பெற்றோருக்கும் இது உதவும். இருமலோ தடிமலோ உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதம் வரையான குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரையான குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான சுவாசம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அது நியூமோனியாவின் அடையாளமாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது குழந்தையின் கீழ்நெஞ்சு உள்ளே குழிந்தால் தாமதிக்கக் கூடாது.

இரண்டாவது, ஒட்சிசனும் ஒரு மருந்து என்ற அறிவு. மூச்சு முட்டுகிறது என்றால் கூடுதலாகத் திறந்துவிட்டால் நல்லது என்று நாம் நினைப்போம். பெரும்பாலானோரின் குருதியில் ஒட்சிசன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல் இருப்பது இயல்பு. நீண்டகாலம் புகைபிடித்தோ விறகுப் புகையைச் சுவாசித்தோ நுரையீரல் பழுதடைந்தவர்கள் சிலருக்கு, வைத்தியர்கள் 88 முதல் 92 வரையே இலக்காக வைப்பார்கள். அவர்களுக்கு அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் உடலில் காபனீரொட்சைட்டு தேங்கி மயக்கத்துக்குக் கொண்டுபோகலாம். இதை விளங்கிய தாதி ஒருவர் வார்ட்டில் இருப்பது பெரிய பாதுகாப்பு.

மூன்றாவது, பதற்றத்தைக் கையாளும் திறன். மூச்சு கிடைக்காதவரின் பயம் வேறெந்தப் பயத்தையும் போன்றதல்ல. அவரைச் சாய்ந்து உட்காரவைத்து, முகத்துக்கு நேரே நின்று, மெதுவாக மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கும் நிதானம் பல நூறு நோயாளிகளைப் பார்த்த பிறகே வரும். அதற்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் அது எந்தத் தொழிலுக்கு மாறினாலும் கூடவே வரும்.

புதிதாகக் கற்க வேண்டியவை

எல்லாவற்றையும் முன்பே கற்றுவிட்டோம் என்று நினைத்துத் தாதியத்துக்குள் நுழைபவர் சிரமப்படுவார். சுவாச சிகிச்சையாளர் கையாளும் மருந்துகள் குறிப்பிட்ட சில வகை. தாதி கையாள்பவை இதயம், சிறுநீரகம், நீரிழிவு, நோவு, தொற்று என எல்லாவற்றுக்கும் உரியவை. ஊசி ஏற்றுதல், சேலைன் கணக்கு, காயம் கட்டுதல், சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பராமரித்தல், பிரசவத் தாயையும் சிசுவையும் கவனித்தல், மனநோயாளியோடு பேசுதல் ஆகிய அனைத்தையும் ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும்.

அதைவிடக் கடினமானது பார்வையை மாற்றுவது. மூச்சு வாங்குவதெல்லாம் நுரையீரல் நோயல்ல. கால் வீங்கிய முதியவருக்கு மூச்சு வாங்கினால் இதயம் பலவீனமடைந்திருக்கலாம். நீரிழிவு உள்ள பிள்ளை ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிட்டால், நுரையீரல் நலமாக இருக்க, குருதியில் அமிலம் கூடியிருக்கலாம். கூடிய அமிலத்தைக் குறைக்க உடல் காபனீரொட்சைட்டை வேகமாக வெளியேற்றுகிறது. கொழுந்துக்கூடையோடு மலையேறும்போது இளம் தாய் ஒருத்திக்கு இளைத்தால் குருதிச்சோகையாக இருக்கலாம். மூன்று பேரின் முறைப்பாடும் ஒன்றே. காரணமும் சிகிச்சையும் வேறு. நெஞ்சைப் பார்த்துப் பழகிய கண் காலையும் நகத்தையும் உணவுத் தட்டையும் பார்க்கக் கற்க வேண்டும்.

பாதை எப்படி இருக்கிறது?

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். முதலில் படித்த நான்கு வருடங்களுக்குக் கழிவு கிடைக்குமா?

அமெரிக்காவில் வேறொரு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கென 11 முதல் 18 மாதங்களில் முடியும் விரைவுத் தாதியப் பட்டப்படிப்புகள் உள்ளன. அதற்கு முன் உடலமைப்பியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்கள் முடித்திருக்க வேண்டும். சுவாச சிகிச்சையாளர் அவற்றிற் பலவற்றை முன்பே படித்திருப்பார். ஆனாலும் தாதியருக்கான பதிவுப் பரீட்சையை எல்லோரையும் போலவே எழுத வேண்டும். இந்தியாவில் தாதியப் பட்டம் 4 வருடங்கள். பொதுத் தாதியமும் மருத்துவிச்சிப் பயிற்சியும் சேர்ந்த டிப்ளோமா 3 வருடங்கள். சுவாச சிகிச்சை படித்தவரும் அங்கே முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இலங்கையில் இரண்டு முக்கிய வாசல்கள் உள்ளன. ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் நடக்கும் 3 வருட டிப்ளோமா. பதுளை, கண்டி, இரத்தினபுரி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்படப் பல இடங்களில் இக்கல்லூரிகள் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. உயர்தரப் பெறுபேறு, வயது முதலிய தகைமைகள் ஒவ்வொரு முறையும் வர்த்தமானியில் அறிவிக்கப்படும். இரண்டாவது வாசல் பல்கலைக்கழகம். கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் 4 வருடத் தாதியப் பட்டப்படிப்பு உள்ளது. உயிரியல் பிரிவில் பெறும் இசட் புள்ளியின்படி அதற்குத் தெரிவாகலாம். டிப்ளோமா முடித்துச் சேவையில் இருப்பவர்கள் திறந்த பல்கலைக்கழகத்தின் மூலம் பட்டம் பெறவும் முடியும். எந்த வழியால் வந்தாலும் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் ராத்தாவின் சிக்கல் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வந்தால் அவர் படித்த தொழிலுக்கு அரச வைத்தியசாலையில் பதவி இல்லை. தாதியாக வேண்டுமென்றால் அரச பயிற்சிக்கு வயதெல்லை உண்டு. அவருக்கு இப்போது 27 வயது. வெளிநாட்டிலேயே படிப்பதென்றால் மீண்டும் பணம் தேவை. அவர் உழைத்த சம்பளத்தில் ஒரு பகுதியை இதற்கென்றே சேர்த்து வருகிறார். வென்டிலேட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரியாத வகுப்புத் தோழிகளோடு, கட்டில் விரிக்கும் பாடத்திலிருந்து அவர் தொடங்க வேண்டியிருக்கும். அதற்குத் தயார் என்கிறார்.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் வரிசை பற்றியது. நமது நாட்டில் தாதியத்திலிருந்து மூச்சுப் பணிக்குப் போகும் கதவு திறந்தே இருக்கிறது. தாதியாகிய ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ, வெலிசறையிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை போன்ற இடத்திலோ பணியாற்றி அத்துறையில் தேர்ச்சி பெறலாம். ஆனால் மூச்சுப் பணியிலிருந்து தாதியத்துக்கு வருபவர் முதற்படியிலிருந்து ஏற வேண்டும். ஆகவே, ஊரில் இருந்து வேலை செய்யும் எண்ணம் உள்ளவர் முதலில் தாதியத்தைப் படித்து, பிறகு மூச்சில் ஆழமாகச் செல்வது நல்லது. வெளிநாட்டிலேயே வாழப்போகிறேன் என்பவருக்கு, அந்த நாட்டில் இத்தொழிலுக்கு இடமிருந்தால், சுவாச சிகிச்சை நல்ல தெரிவு. முகவர்கள் காட்டும் பிரசுரங்களில் இந்த வரிசை எழுதப்பட்டிருக்காது. பணம் கட்டுவதற்கு முன், "இந்தப் படிப்புக்கு இலங்கையில் என்ன பதவி? எங்கே பதிவு செய்வது?" என்ற இரண்டு கேள்விகளையும் நாமே கேட்க வேண்டும்.

நமது ஊருக்கு இது ஏன் முக்கியம்?

கொஸ்லந்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருவருக்கு இரவில் மூச்சு முட்டினால், லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதே ஒரு பயணம். பிரதேச வைத்தியசாலைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருப்பதில்லை. அங்கே முதலுதவி பெற்று, பெரகலை வளைவுகளில் ஏறி, தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பது நல்ல விடயம். என்றாலும் அந்த வழி நெடுகிலும் நோயாளியின் மூச்சைக் காப்பது பக்கத்தில் இருக்கும் மனிதரின் அறிவுதான். சிறிய வைத்தியசாலையில் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிபுணர் இருக்க முடியாது. அங்கே தேவைப்படுபவர் மூச்சையும் அறிந்த தாதி.

இன்னொன்று மொழி. மூச்சுத் திணறல் என்பது புத்தகச் சொல். தோட்டத்து ஆச்சி அப்படிச் சொல்ல மாட்டார். "இழுக்குது" என்பார், "நெஞ்ச அடைக்குது" என்பார், "மேமூச்சு வாங்குது" என்பார். எங்கள் உம்மும்மா "முட்டு" என்பார். "இழுக்குது" என்றால் மூச்சு வெளியேறும்போது விசில் போன்ற ஒலி கேட்கிறது. அது ஆஸ்துமாவாக இருக்கலாம். "நெஞ்ச அடைக்குது" என்பது இதய நோவாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை அவசர நேரத்தில் வேறு மொழிக்கு மாற்றிச் சொல்ல நோயாளியால் முடியாது. அதைக் கேட்ட மாத்திரத்தில் விளங்கி, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வைத்தியருக்குச் சரியாகச் சொல்லக்கூடிய தாதி ஓர் உயிரைக் காப்பாற்றலாம். மூன்று மொழியும் பழகும் வாய்ப்பு ஊவாவில் வளரும் நமக்கு உண்டு. அதைச் சிறிய தகைமையாக எண்ண வேண்டாம்.

புகை மூன்றாவது காரணம். புகைபோக்கி இல்லாத சிறிய சமையலறையில் பச்சை விறகு எரித்துச் சமைக்கும் தாய்மாரும், அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளும் நாள்தோறும் அதைச் சுவாசிக்கிறார்கள். கிளினிக்கில் இன்ஹேலர் கொடுத்தாலும் பலருக்கு அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிவதில்லை. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, பத்து வரை எண்ணி நிறுத்தி வைக்க வேண்டும். தடுப்பு இன்ஹேலர் என்றால் பின்னர் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இதைப் பொறுமையாகத் தமிழில் செய்துகாட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பவர் தாதி.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

இரவு வேலை பற்றிப் பெற்றோர் பயப்படுவது இயற்கை. வாப்பாவும் அதைத்தான் முதலில் கேட்டார். வைத்தியராகும் பிள்ளைக்கும் இரவு வேலை உண்டு. அங்கே பெருமைப்படும் நாம் இங்கே ஏன் தயங்குகிறோம் என்று யோசிக்கலாம். நமது பெண்கள் வைத்தியசாலைக்குப் போகும்போது பெண் தாதி வேண்டும், அவர் தமிழ் பேச வேண்டும், நமது பழக்கங்களை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அந்தத் தாதி ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வந்தாக வேண்டும்.

தொழில் மாற விரும்பும் பிள்ளையைப் பார்த்து "படித்தது வீண்" என்று சொல்வதற்கு முன், அவள் எதை விட்டுப் போகிறாள், எதைக் கொண்டு போகிறாள் என்று பொறுமையாகக் கேளுங்கள். விட்டுப் போவது ஒரு பதவியின் பெயர். கொண்டு போவது கற்ற கல்வி. வயது, பணம், பதிவு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்தால் மாற்றம் பயப்பட வேண்டிய ஒன்றல்ல.

தோழியரே, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது தொழிலின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அந்தத் தொழில் செய்பவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று பாருங்கள். ஒரே விடயத்தில் ஆழமாக இறங்கப் பிடிக்குமா, ஒரு மனிதரோடு முழு நாளும் இருக்கப் பிடிக்குமா என்று உங்களிடமே கேளுங்கள். இரண்டுமே நல்ல பதில்தான். பதில் தெரிந்த பிறகு, எதை முதலில் படிப்பது என்ற வரிசையை உம்மா வாப்பாவோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து தீர்மானியுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக.